அடுத்த மேலாளர் யார்? கொங்கு வட்டார மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்றுவிட்டால் போதும், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ரசிகர்களிடையே அடுத்த மேலாளர் யார் என்ற பேச்சு தொடங்கிவிடும். இங்கிலாந்தில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு கடந்து 1.30 மணிக்குத் தொடங்குகிறது. அது முடியும்போது விடியலுக்கு அதிக நேரம் இருப்பதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வருபவர்களும் ஆட்டம் பார்த்து முடித்தவர்களும் ஒரே டீக்கடையில் நின்று நடத்தும் வாதங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எந்தப் பெயரையும் முன்மொழிவது எங்கள் நோக்கம் அன்று. கையில் இருக்கும் வீரர்கள் யார், வீரர்களை வாங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, வருபவருக்கு எவ்வளவு காலம் கொடுக்கப்படும் என்ற மூன்றையும் பேசி முடித்த பிறகே பெயருக்கு வர வேண்டும் என்பது எங்கள் கட்சி.

மேலாளர், தலைமைப் பயிற்சியாளர் என இரண்டு பதவிகள் சொல்லப்படுகின்றனவே, இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. பழைய முறைப்படி மேலாளர் என்பவர் பயிற்சி, அணித் தேர்வு, வீரர்களை வாங்குவது, விற்பது, இளைஞர் அணியின் வளர்ச்சி ஆகிய அனைத்துக்கும் இறுதிச் சொல் உடையவர். யுனைடெட்டின் நீண்டகால மேலாளர் சர் அலெக்ஸ் பெர்குசன் அப்படி இருந்தவர். தலைமைப் பயிற்சியாளர் பயிற்சிக்கும் ஆட்ட நாளுக்கும் பொறுப்பானவர். யாரை வாங்குவது என்பதை விளையாட்டு இயக்குநரும் அவருக்குக் கீழ் இயங்கும் தேடல் குழுவும் முடிவு செய்வார்கள், அவரிடம் கருத்துக் கேட்பார்கள். 2024 நவம்பரில் ரூபன் அமோரிம் யுனைடெட்டுக்கு வந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்டது இந்த இரண்டாவது பதவிதான். லண்டன் அணியான ஆர்சனலில் நடந்தது இதற்கு நேர் எதிர்: 2019 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்த மிக்கேல் ஆர்டெட்டாவை 2020 செப்டம்பரில் மேலாளராக உயர்த்தினார்கள்.

நமது வாதங்களில் ஒருவர் பெயரைச் சொல்லுபவர், அவரை எந்தப் பதவிக்குச் சொல்லுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். வீரர் வாங்கும் அதிகாரம் இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவரை, அந்த அதிகாரம் இல்லாத பதவிக்கு இரவெல்லாம் பரிந்துரைத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

பெர்குசனுக்கே முதல் மூன்றரை ஆண்டுகள் கோப்பை கிடைக்கவில்லை. வருகிற எவருக்கும் அவ்வளவு காலம் கொடுக்க வேண்டாமா?

எங்கள் கணக்கில் மிக அதிகமாகச் சொல்லப்படும் வாதம் இது; பாதி உண்மையும்கூட. 1986 நவம்பரில் அபர்டீனிலிருந்து வந்த பெர்குசன் முதல் நான்கு பருவங்களில் இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கில் 11, 2, 11, 13 ஆகிய இடங்களைப் பிடித்தார். முதல் கோப்பை, அதாவது தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பை, 1990இல்தான் வந்தது. முதல் லீக் பட்டம் 1993இல் வந்தது. 2013இல் ஓய்வு பெற்றபோது லீக் பட்டங்கள் மட்டும் 13 ஆகியிருந்தன.

ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் வெறுமனே காத்திருக்கவில்லை என்பதை இந்த வாதத்தைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். பால் மெக்ராத், நார்மன் வைட்சைட் போன்ற செல்வாக்குள்ள வீரர்களை 1989இல் வெளியே அனுப்பினார்; இளைஞர்களைத் தேடும் அமைப்பைப் புதிதாகக் கட்டினார்; அதன் விளைவுதான் கிக்ஸ், பெக்கம், கேரி நெவில், பட் ஆகியோர் இருந்த அணி 1992இல் வென்ற இளைஞர் எஃப்.ஏ. கோப்பை. பட்டியலில் 13ஆம் இடத்தில் இருந்தபோதும் உள்ளே ஏதோ கட்டப்பட்டுக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கும் கண் நிர்வாகத்துக்கு இருந்தது. ஆர்டெட்டா முதல் இரண்டு பருவங்களிலும் 8ஆம் இடத்தில் முடித்தபோது ஆர்சனல் நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டதற்கும் இதுவே காரணம். பிறகு 5ஆம் இடம், அதன்பின் தொடர்ந்து மூன்று முறை 2ஆம் இடம் என்று அந்த அணி ஏறியது.

ஆகவே கால அவகாசம் கேட்பவர், அந்த அவகாசத்தில் என்ன கட்டப்படுகிறது என்பதைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது பொறுமை அன்று, தள்ளிப்போடுதல். இதற்கு 2024ஆம் ஆண்டே சாட்சி. 2023–24இல் அப்போதைய யுனைடெட் மேலாளர் எரிக் டென் ஹாக் 8ஆம் இடத்தில் முடித்தார், ஆனால் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2–1 என்று வென்றார். நிர்வாகம் வேறு சிலரோடு பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தையே 2026 வரை நீட்டித்தது. அவர் முன்பு நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியில் பயிற்சியளித்த டி லிக்ட், மஸ்ராவி ஆகியோரை வாங்கிக் கொடுத்தது. பிறகு ஒன்பது லீக் ஆட்டங்கள் முடிந்ததும் அக்டோபரில் அவரை விலக்கியது. ஒருவரை நம்பி முழுப் பருவத்துக்கும் பணத்தைச் செலவழித்துவிட்டு இலையுதிர் காலத்திலேயே நம்பிக்கை இழப்பதைவிட, மே மாதத்திலேயே வாழ்த்துச் சொல்லி அனுப்பிவைத்திருக்கலாம்.

தமக்குப் பின் மேலாளராக டேவிட் மோயஸைப் பெர்குசனே கை காட்டினார். அப்படியும் ஏன் பத்து மாதத்தில் கதை முடிந்தது?

மோயஸின் குறைகள் ஒருபுறம் இருக்கட்டும். 2013 கோடையில் பெர்குசனோடு தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வீரர்களை வாங்கும் கலையை அறிந்த இருவரும் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த இருவரும் அந்தப் பொறுப்புகளுக்குப் புதியவர்கள். அதன் விளைவு, வீரர்களை வாங்கும் காலத்தின் கடைசி நாளில் தெரிந்தது. மோயஸின் பழைய அணியான எவர்டனின் மருவான் ஃபெலைனியை 2.35 கோடி பவுண்டுக்கு விடுவிக்கும் ஒப்பந்த விதி இருந்தது. அது காலாவதி ஆன பிறகு, 2.75 கோடி பவுண்டு கொடுத்து அவரையே வாங்கினார்கள். போதாக்குறைக்கு மைக் ஃபெலன், ரெனே மியூலன்ஸ்டீன் போன்ற பழைய துணைப் பயிற்சியாளர்களும் மாற்றப்பட்டு, எவர்டனிலிருந்து புதிய குழு வந்தது. ஆறாண்டு ஒப்பந்தத்தோடு வந்தவர் 2014 ஏப்ரலில் வெளியேறினார். அணி 7ஆம் இடத்தில் முடிந்தது.

நமது போட்டி அணியான லிவர்பூல் இதையே வேறு விதமாகச் செய்தது. சொல்லவே நமக்கு மனம் வராது; ஆனாலும் சொல்லியாக வேண்டும். அதன் மேலாளர் யூர்கன் க்ளாப் தாம் விலகுவதை 2024 ஜனவரியிலேயே அறிவித்தார். அந்த இடைவெளியில் நிர்வாகம் முன்னாள் விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸைத் திரும்ப அழைத்தது, ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராக்கியது, அதன் பிறகே தலைமைப் பயிற்சியாளரைத் தேடியது. நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணியிலிருந்து வந்த ஆர்னே ஸ்லாட்டின் ஆட்டமுறை, க்ளாப் விட்டுச்சென்ற வீரர்களுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. அந்தக் கோடையில் உடனடியாக அணியில் சேர்ந்த புதியவர் ஃபெடரிகோ கியேசா ஒருவர் மட்டுமே. 2024–25 லீக் பட்டம் அவர்களுக்குப் போனது. ஸ்லாட்டின் பெயரை அதற்கு ஓராண்டுக்கு முன் நம் டீக்கடையில் யார் சொல்லியிருப்பார்கள்?

ஆட்டமுறை பொருந்துவது அவ்வளவு முக்கியமா? நல்ல பயிற்சியாளர் எந்த வீரர்களையும் ஆட வைத்துவிட மாட்டாரா?

இதுவே இப்பக்கத்தின் மையக் கேள்வி என்பதால் சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

அமோரிம் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணியில் வெற்றி கண்டது மூன்று மையப் பின்கள வீரர்கள், இரு பக்கமும் ஏறி இறங்கும் விங்-பேக்குகள் (தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் ஓடும் ஓர வீரர்கள்), நடுக்களத்தில் இருவர், முன்னால் மூவர் என்ற அமைப்பில். யுனைடெட்டில் அவர் கையில் கிடைத்ததோ நான்கு பின்கள வீரர்களும் இரண்டு விங்கர்களும் (ஓரங்களில் தாக்கி ஆடும் முன்கள வீரர்கள்) கொண்ட அமைப்புக்காக வாங்கிச் சேர்த்த அணி. பருவத்தின் நடுவில் வந்ததால் கோடைக்காலப் பயிற்சியும் இல்லை, வாங்கும் சந்தையும் திறந்திருக்கவில்லை. ஊசிகள் நெருக்கமாக அமைந்த 24 கேஜ் பின்னல் இயந்திரத்தில் தடித்த நூலை ஏற்றினால் ஊசிதான் உடையும் என்பது திருப்பூரில் மிஷின் ஓட்டுகிற எவருக்கும் தெரியும்; நூலும் நல்ல நூல், இயந்திரமும் நல்ல இயந்திரம் என்பதால் அது மாறிவிடாது.

விளைவைக் களத்தில் பார்க்க முடிந்தது. விங்கருக்கு அந்த அமைப்பில் இடமே இல்லை. விங்கர்களான ராஷ்ஃபோர்ட் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆன்டனி ரியல் பெட்டிஸுக்கும் கடனாகப் போனார்கள். இலக்குக்கு அருகில் ஆடி வந்த புரூனோ ஃபெர்னாண்டஸ் பல ஆட்டங்களில் நடுக்கள இருவரில் ஒருவராகப் பின்னால் இறங்கினார். வலது காலால் ஆடும் டலோட் இடது விங்-பேக்காக ஓடி, எல்லைக் கோட்டருகே பந்தைப் பெற்று, குறுக்கே அனுப்ப வேண்டிய கணத்தில் நின்று, பந்தை வலது காலுக்கு மாற்றி, அதற்குள் எதிரணி திரண்டுவிட, மீண்டும் பின்னால் கொடுப்பதை அந்தக் குளிர்காலம் முழுவதும் பார்த்தோம். இடது விங்-பேக்கான பாட்ரிக் டோர்கு இத்தாலியின் லெச்சே அணியிலிருந்து வந்தது பிப்ரவரியில்தான். பருவ முடிவில் 42 புள்ளிகள், 15ஆம் இடம்; இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கான பிரீமியர் லீக் தொடங்கியது முதல் யுனைடெட் கண்ட மிகத் தாழ்ந்த நிலை அது. ஐரோப்பிய அணிகளுக்கான யூரோப்பா லீக்கின் பில்பாவோவில் நடந்த இறுதியிலும் டாட்டன்ஹாமிடம் 1–0 என்று தோற்றோம்.

இதற்கு அமோரிமை மட்டும் குற்றம் சொல்வோரும் உண்டு, வீரர்களை மட்டும் குற்றம் சொல்வோரும் உண்டு. எங்கள் தீர்ப்பு, அந்த அணியையும் அந்த ஆட்டமுறையையும் நவம்பர் மாதத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்தவர்களின் பக்கமே சாய்கிறது.

நம் அணியில் ஆடிய பழைய நட்சத்திரத்தையே கொண்டுவந்தால் என்ன?

கொண்டுவந்து பார்த்தாயிற்று. 2018 டிசம்பரில் அப்போதைய மேலாளர் மொரின்யோ போன பிறகு அணியின் முன்னாள் வீரர் ஓலே குன்னர் சோல்ஷர் இடைக்காலப் பொறுப்பேற்று, முதல் 19 ஆட்டங்களில் 14ஐ வென்றார். 2019 மார்ச் இறுதியில் நிரந்தரமாக்கினார்கள். அவருடைய காலத்தைத் தோல்வி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாங்கள் உடன்பட மாட்டோம்: 2020–21இல் 2ஆம் இடம், அந்தப் பருவத்தின் யூரோப்பா லீக் இறுதியில் வியாரியலிடம் பெனால்டியில் 11–10 என்ற மயிரிழைத் தோல்வி. ஆனால் 2021 நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 4–1 என்று தோற்றதோடு அவரும் போனார்.

குவார்டியோலாவும் ஜிடானும் தங்கள் பழைய அணிகளில் சாதித்தார்களே என்பது வழக்கமான மறுமொழி. முன்னவர் பார்சிலோனாவின் இரண்டாம் அணியையும், பின்னவர் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியையும் பயிற்றுவித்த பிறகே முதல் அணிக்கு வந்தார்கள். பழைய பாசம் முதல் பத்து வாரத்துக்கு உதவும், ரசிகர்களும் பொறுத்துப் போவார்கள்; பதினோராவது வாரத்தில் எதிரணி பாசத்தைப் பார்ப்பதில்லை.

இடைக்கால மேலாளர் நன்றாக வென்றால் அவரையே வைத்துக்கொள்ளலாமா?

நான்கைந்து ஆட்டங்களைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. 2024 இலையுதிர் காலத்தில் டென் ஹாக் போனபின் இடைக்காலப் பொறுப்பேற்ற ரூட் வான் நிஸ்டல்ராய் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்று ஒன்றைச் சமன் செய்தார்; உடனே அவருக்கு ஒரு தனிக் கட்சியே உருவானது. புதியவர் வந்ததும் கிடைக்கும் உற்சாகம் எது, உண்மையான மாற்றம் எது என்று பிரித்தறிய, எதிரணிகளின் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நமக்குப் பிடித்தவர் வேறோர் அணியில் ஒப்பந்தத்தில் இருக்கிறார். அவரை எப்படி அழைப்பது?

பணம் கொடுத்துத்தான். ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை எழுதப்பட்டிருந்தால் அதைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த அணியோடு பேரம் பேச வேண்டும். அமோரிமுக்காக ஸ்போர்ட்டிங்குக்கு 1.1 கோடி யூரோ போனது. வெளியே போகிறவருக்கும் மீதி ஒப்பந்தத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும்: டென் ஹாக் குழுவையும், ஐந்தே மாதம் இருந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தையும் அனுப்பியதற்கு யுனைடெட் கணக்கில் காட்டிய செலவு 1.45 கோடி பவுண்டு. 2022இல் செல்சி அணி பிரைட்டனிலிருந்து கிரகாம் பாட்டரை அழைத்துவரப் பெருந்தொகை கட்டிவிட்டு, ஏழு மாதம் நிறைவதற்குள் அவரை அனுப்பியது.

“அவரைத் தூக்குங்க, இவரைக் கொண்டு வாங்க” என்று சொல்லும்போது இந்த இரட்டைச் செலவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு நல்ல நடுக்கள வீரரை வாங்கக்கூடிய பணத்தில் பெரும்பகுதி இப்படிப் போய்விடுகிறது.

ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்திருந்தால் நல்லது, கட்டாயமில்லை. அர்ஜென்டினாக்காரரான மார்செலோ பியெல்சா லீட்ஸ் அணியில் மொழிபெயர்ப்பாளரோடு பேட்டி கொடுத்துக்கொண்டே அணியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார்.

எந்தச் செய்தியை நம்புவது?

யுனைடெட் 2012 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். ஆகவே மேலாளர் மாற்றம் என்பது அணி நிர்வாகம் முறைப்படி அறிவிக்கும் செய்தி; அந்த அறிவிப்பு வரும்வரை மற்றதெல்லாம் பேச்சுதான். பேச்சிலும் தரம் உண்டு என்பதை மறுக்கவில்லை: மான்செஸ்டரிலேயே இருந்து எழுதும் செய்தியாளர்கள் பெரும்பாலும் பெயரை அவசரப்பட்டு எழுதுவதில்லை. வீரர்களின் முகவர்களும் பயிற்சியாளர்களின் முகவர்களும், தற்போதைய வேலையில் சம்பளத்தை உயர்த்திக்கொள்வதற்காகவே, தங்கள் ஆளை யுனைடெட் கேட்கிறது என்று கசியவிடுவதும் உண்டு.

பந்தய நிறுவனங்களின் அடுத்த மேலாளர் பட்டியலைச் செய்தியாகப் பகிர வேண்டாம். அந்தச் சந்தை மிகச் சிறியது. சிலர் கொஞ்சம் பணம் கட்டினாலே பெயர்கள் மேலே ஏறிவிடும். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டம் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

எங்கோ இருக்கும் அணியைப் பற்றிப் பேசுகிறோமே, நம் ஊரில் இதற்கு எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?

உண்டு, அதுவும் பட்டம் வென்ற எடுத்துக்காட்டு. பெயரில்தான் சென்னை இருந்தது; சென்னை சிட்டி அணி தன் சொந்த ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. இந்தியாவின் தேசியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கில் 2017–18இல் பத்து அணிகளில் 8ஆம் இடம். அடுத்த பருவத்துக்குப் பயிற்சியாளராக அவர்கள் அழைத்துவந்த சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பெயரை நம்மில் பெரும்பாலோர் அதற்கு முன் கேட்டதில்லை. பெரிய பெயர் இல்லை. ஆனால் பந்தைக் காலில் வைத்து ஆட வேண்டும் என்ற அவருடைய முறைக்கு ஏற்ற ஸ்பானிய வீரர்களை, பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் என்று நிர்வாகம் சேர்த்துக் கொடுத்தது. அவர்களோடு எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஏசுராஜ் போன்ற நம் தமிழ்நாட்டு வீரர்களும் அந்த முறைக்குப் பழகினார்கள். மான்சி 21 கோல் அடித்தார்.

2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபுக்கு எதிரான கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு புள்ளி பின்னால் இருந்த ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருக்க, இங்கே மினர்வா மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பின் மான்சியின் பெனால்டி, அதன்பின் கௌரவ் போராவின் இரண்டு கோல்கள், 3–1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

அடுத்த பருவத்திலும் பயிற்சியாளர் அக்பர் நவாஸேதான். ஆனால் கோர்டியோ போய்விட்டார், நடுவிலேயே மான்சியும் ஜப்பானுக்குப் போய்விட்டார். பட்டத்தின் பக்கத்தில்கூட அணி வர முடியவில்லை. 2020–21க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. மேலாளரின் பெயரை மட்டும் வைத்து வாதிடுபவர்களுக்கு இந்த இரண்டு பருவங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறோம்.

நாம் இங்கிருந்து பேசுவதால் ஏதேனும் மாறுமா?

மாறாது. திருப்பூர் காதர்பேட்டைத் துணிக் கடைகளில் தொங்கும் சிவப்பு ஜெர்சிகளின் முதுகில் வீரர் பெயர்தான் இருக்கிறது. மேலாளர் பெயரை அச்சடித்துத் தரும்படி இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் வாதம் என்னவோ மேலாளரைப் பற்றித்தான் அதிகம் நடக்கிறது. ஆட்டத்தை ஊன்றிப் பார்க்க வைப்பதால் அதை நாங்கள் வரவேற்கவே செய்கிறோம். மறுதரப்பைத் திட்டும்போதும் “ஏனுங்க, நீங்க ஆட்டம் பார்த்தீங்களா இல்லீங்களா?” என்று மரியாதை குறையாமல் திட்டும் நம் ஊர் வழக்கம் தொடர்ந்தால் போதும்.

புதியவர் பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டது. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

அவரோடு வரும் துணைப் பயிற்சியாளர்கள் யார், முன்பே இருந்தவர்களில் யாரை வைத்துக்கொள்கிறார் என்பதை முதலில் பாருங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதைவிட, வீரர் வாங்குவதில் அவருடைய சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே கேட்பார்கள். பதில் எவ்வளவு சுற்றி வளைத்து வருகிறதோ அவ்வளவு ஐயப்படலாம்.

களத்தில் முதல் ஐந்து ஆட்டங்களில் வெற்றி தோல்வியை ஒதுக்கிவைத்து, பந்தை இழந்த அடுத்த நொடியில் அருகிலிருக்கும் மூன்று வீரர்கள் என்ன செய்கிறார்கள், பின்களத்துக்கும் நடுக்களத்துக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் திறக்கிறது, ஒரு கோல் பின்தங்கியபோது 60ஆம் நிமிடத்தில் யாரை எடுத்து யாரை இறக்குகிறார் என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்புகளோடு டீக்கடைக்கு வருபவருக்கு முதலில் பேச இடம் கொடுக்கப்படும்.